ஆறாவது பங்கு

நாவலடிப்புலத்தில் நானூற்றுப் பன்னிரண்டு கிணறுகள் மூடப்பட்டிருந்தன. ஒருவர்கூடச் சண்டைக்கு வரவில்லை. நிரோசினிக்கு முதலில் உறுத்தியது அதுதான்.

வேலியில் ஒரு கதியால் கம்பை அரை அடி தள்ளி நட்டுவிட்டால் மூன்று தலைமுறைக்கு வழக்காடுகிற சனம் இது. எல்லைப் பனையின் ஓலை யார் காணிக்குள் விழுகிறது என்ற தகராறில், கூடப்பிறந்தவனின் செத்த வீட்டுக்கே போகாமல் இருந்தவர்கள் உண்டு. அப்படிப்பட்டவர்கள், செம்மண்ணைத் தோட்டமாக்கித் தந்த கிணறுகளை, கடல் கடந்த ஒரு நிதியம் கேட்டது என்பதற்காகச் சிரித்த முகத்தோடு மூடக் கொடுத்தார்களாம். ஒரு மனு இல்லை, ஒரு மறியல் இல்லை. அலுவலகத்தில் எல்லாரும் இதை வெற்றி என்றார்கள். நிரோசினி யாழ்ப்பாணத்தில் பிறந்து வளர்ந்தவள், அவளுடைய காதில் அப்படிச் சுலபமாகப் பூச்சுற்ற முடியாது.

சரிபார்ப்பு உத்தியோகத்தராக அவள் அந்தப் பிரிவுக்கு வந்து மூன்று வாரம் ஆகியிருந்தது. நாடு ஒருமுறை கையை விரித்துவிட்டு நின்ற பிறகு, மீள்திறன் நிதியம் என்ற ஒன்று எட்டுத் தவணையில் கடன் தர ஒப்புக்கொண்டிருந்தது. ஒவ்வொரு தவணைக்கும் நிபந்தனைகள் உண்டு. வரி இப்படி, மின்சாரம் அப்படி, காடு இவ்வளவு. குடாநாட்டுக்கு விதித்தது நிலத்தடி நீர். சுண்ணாம்புக் கல்லுக்கு அடியால் கடல் உள்ளே வந்துகொண்டிருந்தது, ஆகவே பயிருக்கு இறைக்கும் கிணறுகளில் பாதிக்கு மேல் மூடப்பட வேண்டும். ஆனால் கட்டாயப்படுத்தி மூடக்கூடாது. உரித்துக்காரர் தாமாக மனமொப்பிக் கையெழுத்து வைக்க வேண்டும்.

முந்திய காலத்தைப் போல இதைக் கண்காணிக்கக் கோட்டுப் போட்டவர்கள் விமானத்தில் வந்து இறங்கவில்லை. நிதியம் ஒரு குரலை அனுப்பியது. உத்தியோகத்தர் போனிலும் வேண்டுமென்றால் உங்கள் போனிலும் வந்து பேசும், கேட்கும், பதியும், ஒப்பந்தம் எழுதும். நிபந்தனை நிறைவேறியது என்று அதற்குத் திருப்தி வந்தால் பணத்தையும் அதுவே விடுவிக்கும். இளம்பெண் குரலில், பக்கத்து வீட்டுப் பிள்ளையைப் போல அது யாழ்ப்பாணத் தமிழ் பேசியதால், சனம் அதற்குத் தங்கச்சி என்று பெயர் வைத்துவிட்டது. அமைச்சர்களை ஏமாற்றலாம், தங்கச்சியை ஏமாற்ற முடியாது என்று கொழும்பிலேயே சொல்லிக்கொண்டார்களாம்.

அப்படியானால் நாவலடிப்புலத்தில் என்ன நடந்தது? ஒரு திங்கட்கிழமை காலை நிரோசினி அதைப் பார்க்கப் புறப்பட்டாள்.

இருநூற்றுப் பதினேழாம் இலக்க மூடி பவளராணியின் தோட்டத்தில் இருந்தது. வட்டமான கொங்கிறீட் தட்டு, மேலே நீல மையில் இலக்கமும் நிதியத்தின் முத்திரையும். சுற்றிவர வெங்காயப் பாத்திகள் தலைநிமிர்ந்து பச்சையாக நின்றன. மழை கண்டு இரண்டு மாதம். கிணறு மூடிய தோட்டத்தில் வெங்காயத்தாள் இந்த நிறத்தில் நிற்பதற்கு நியாயமே இல்லை.

கொட்டிலுக்குள் அலவாங்கு ஒன்று கிடந்தது. நிரோசினி அதை எடுத்துத் தட்டின் விளிம்பில் குத்தி நெம்பினாள். ஐம்பது வயது மதிக்கத்தக்க பவளராணி, களை பிடுங்கிய கையோடு எழுந்து நின்று, தடுக்கவும் இல்லாமல் உதவவும் இல்லாமல் பார்த்துக்கொண்டிருந்தாள். தட்டுப் புரண்டது. அடியில் கிணறு இல்லை. குழிகூட இல்லை. ஈரச் செம்மண்ணும் இரண்டு மண்புழுக்களும் இருந்தன.

"கிணறு தேடுறியளோ பிள்ளை?" என்றாள் பவளராணி. "அது அங்காலை."

பூவரசு வேலிக்கு அப்பால் தண்ணீர் இறைக்கிற மிசின் ஓடிக்கொண்டிருந்தது. வந்த நேரம் முதல் அந்தச் சத்தம் நிரோசினியின் காதில் விழுந்துகொண்டுதான் இருந்தது, எல்லாத் தோட்டத்திலும் கேட்கிற சத்தம் என்பதால் அவள் அதைக் கணக்கில் எடுக்கவில்லை. வேலியைத் தாண்டிப் போனால் கருங்கல் கட்டிய பெரிய கிணறு. திங்கட்கிழமை முறைக்காரர் தன் பாத்திகளுக்கு ஒவ்வொன்றாக வாய் வெட்டித் தண்ணீர் மாறிக்கொண்டிருந்தார், பவளராணியின் சின்னையா மகன்.

அதற்குப் பிறகு பவளராணி மறைக்க எதுவும் இல்லாதவள் போலச் சொன்னாள். அவளுடைய பூட்டனார் வெட்டிய கிணறு. வழிவழியாகப் பிரிந்து இப்போது ஆறு பங்கு. ஆறு பேருடைய காணி உறுதிப் பத்திரத்திலும் 'கிணற்றுப் பங்கும் வழிவாய்க்கால் உரித்தும்' என்று எழுதியிருக்கிறது. திங்கள் முதல் சனி வரை ஆளுக்கொரு நாள் முறை, ஞாயிறு கிணற்றுக்கு ஓய்வு. ஊர் முழுக்க இப்படித்தான், தனிக் கிணறு வைத்திருப்பவர் பத்து வீட்டுக்கு ஒருவர். பதிவு நடந்தபோது தங்கச்சி வீட்டுக்கு வீடு ஒரே கேள்வியைக் கேட்டிருக்கிறது.

"உங்களுக்குக் கிணறு இருக்கோ எண்டு கேட்டால் நாங்கள் என்னெண்டு சொல்லுறது? ஆறிலை ஒண்டு இருக்கெண்டோ? கலியாணம் பேச வந்தவங்களுக்கே நாங்கள் அப்பிடிச் சொல்லுறேல்லை. கிணறு இருக்கெண்டுதான் சொல்லுவம். அது ஐஞ்சு வீட்டிலை கேட்டு ஐஞ்சு கிணறெண்டு எழுதிப்போட்டுது. பேந்து மூடச் சொல்லிச்சு. மூடினால் கூரைக்கு ஒரு சூரியத் தகடு இனாம். இல்லாத கிணத்தைத்தானே மூடுறம் எண்டு எல்லாரும் கையெழுத்து வைச்சிட்டம்."

"ஆறாவது பங்கு?"

ஆறாவது பங்கு யோகச்சந்திரனுடையது என்றாள் பவளராணி. பெரியப்பாவின் மகன். முப்பத்தொரு வருடமாக நோர்வேயில் இருக்கிறார். கிணறு நிற்கிற துண்டு அவருடைய காணிதான், வீடு பூட்டிக் கிடக்கிறது. கதவைத் தட்ட ஆளில்லாததால் அது பதிவுக்குள் வரவே இல்லை. ஆக, மெய்யான கிணறு நிதியத்தின் புத்தகத்தில் கிடையாது. புத்தகத்தில் இருந்த ஐந்தும் நிலத்தில் கிடையாது.

நிரோசினிக்குச் சிரிப்பு வந்தது. பிறகு அவள் கிணற்றிலிருந்து ஒரு கை அள்ளி வாயில் விட்டுப் பார்த்தாள். நாக்கின் ஓரத்தில் உப்புக் கரித்தது. பவளராணி அதைக் கவனித்தாள். அவள் கலியாணம் முடித்த காலத்தில் இந்தத் தண்ணீரில் தேத்தண்ணி போட்டால் அயலட்டை தேடி வந்து குடிக்குமாம். இப்போது வெங்காயம் தாங்குகிறது, மிளகாய் தாங்குவதில்லை. இந்தப் போகத்து வெங்காயத்தை இன்னும் இருபத்திரண்டு நாளில் கிண்டி எடுக்கலாம், மூன்று இறைப்புக் கிடைத்தால் போதும், மகளின் படிப்பு இதற்குள்தான் நிற்கிறது என்றாள்.

அவளுக்குத் தெரியாத ஒன்று நிரோசினிக்குத் தெரிந்திருந்தது. ஆனி மாதம் மேலிருந்து படம் பிடித்துப் பதிவில்லாத கிணறுகளைத் தேடப் போகிறார்கள். அகப்படுவதைக் கல்லுப் போட்டுத் தூர்ப்பார்கள், அதற்கு ஒருவருடைய சம்மதமும் தேவையில்லை.

உதவிப் பணிப்பாளர் கிருபானந்தனிடம் அவள் அன்று பின்னேரமே போனாள். அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தபடி முழுவதையும் கேட்டார், ஒரு இடத்திலும் ஆச்சரியப்படவில்லை. ஆளுக்கு முன்பே தெரியும். இந்தத் தந்திரமே அவருடையதாக இருக்க வேண்டும் என்று நிரோசினிக்குப் பட்டது. ஐந்தாம் தவணை வருகிற மாதம் என்றார் அவர். ஆசுப்பத்திரிக்கு மருந்து அதில்தான் வரப்போகிறது. சனத்துக்குத் தண்ணீர் இருக்கிறது, நாட்டுக்குக் காசு வருகிறது, நிதியத்துக்கு இலக்கம் வருகிறது. ஆனி மாதம் அவர் ஓய்வு பெற்றிருப்பார்.

"எல்லாரும் சிரிச்சுக்கொண்டிருக்கிறம்," என்றார். "நீர் ஏன் பிள்ளை தட்டைப் பிரட்டித் திரியிறீர்?"

அவர் மேல் அவளுக்கு அருவருப்பு வந்தது. வீட்டுக்கு வந்து ஒப்பந்தத்தை எடுத்து முதலிலிருந்து வாசித்தாள். யாரும் அதுவரை மடிப்புப் பிரித்திராத தாள்கள். பதினான்காம் பிரிவில் அவள் தேடியது கிடைத்தது. ஐந்து அல்லது அதற்கு மேற்பட்ட குடும்பங்கள் நீர் இறைக்கும் கிணறு பொதுக் கிணறு, அதை மூடக் கோரமுடியாது, குடும்பத்துக்கு வாரம் ஒருமுறை அளவோடு இறைத்துக்கொள்ளலாம். பொய்யே சொல்லியிருக்கத் தேவையில்லை. உண்மையைச் சொல்லியிருந்தால் ஊருக்கு ஒன்றும் நடந்திராது. அவளுக்கு ஆத்திரமும் சந்தோசமும் சேர்ந்து வந்தன.

அடுத்த நாள் காலையில் பவளராணியின் முற்றத்தில் இருந்து இருவரும் அறிக்கையைச் சொன்னார்கள். நிரோசினி சொல்லச் சொல்லத் தங்கச்சி எழுதிக்கொண்டது. ஒரு கிணறு, ஆறு பங்கு, ஆறு பெயர். ஆறாவது பெயர் வந்ததும் பவளராணி தயங்கினாள். யோகண்ணையை ஏன் இதற்குள் இழுப்பான், ஐந்து குடும்பம் போதும்தானே என்றாள். பாதி உண்மை எழுதினால் அதிலும் ஓட்டை பிடிப்பார்கள், உறுதியில் உள்ளபடி முழுவதையும் சொன்னால்தான் செல்லும் என்று நிரோசினி வற்புறுத்தினாள்.

முழுவதையும் கேட்ட தங்கச்சி அதிர்ச்சி அடைந்ததாகத் தெரியவில்லை. நன்றி சொன்னது. ஒரேயொரு கேள்விதான் கேட்டது.

"யோகச்சந்திரன் அண்ணையின்ரை போன் நம்பர் உங்களிட்டை இருக்கோ அக்கா?"

பவளராணி நிரோசினியைப் பார்த்தாள். நிரோசினியின் மனதில் ஏதோ ஒன்று சின்னதாய்க் குத்தியது, ஆனால் போன் நம்பர் கேட்பது எந்த அலுவலகத்திலும் வழக்கம்தானே என்று தன்னைத் தானே சமாதானப்படுத்திக்கொண்டு தலையை ஆட்டினாள். பவளராணி இலக்கத்தைச் சொன்னாள்.

புதன்கிழமை இரண்டு பேர் வந்து மிசினில் ஒரு சிறிய பெட்டியைப் பூட்டினார்கள். பச்சை விளக்கு எரிந்தது. கிணறு பதிவாகிவிட்டது என்றார்கள். பவளராணி அவர்களுக்குப் பிளேன்ரீ கொடுத்தாள், பெட்டிக்குக் கூடச் சந்தனம் பூசியிருப்பாள், அவ்வளவு சந்தோசம். ஐந்து குடும்பமும் கிணற்றடிக்கு வந்து பெட்டியைப் பார்த்துவிட்டுப் போனது. வேலை பார்க்கத் தொடங்கி ஒன்பது வருடத்தில் முதன்முறையாக ஒரு உருப்படியான காரியம் செய்ததாக நிரோசினி நினைத்தாள்.

வியாழக்கிழமை பவளராணியின் முறை. மத்தியானம் கடந்து அவள் நிரோசினிக்குப் போன் எடுத்தாள். காலையிலிருந்து மிசின் ஓடவில்லை. பெட்டி பேசுகிறதாம்.

நிரோசினி போய் நேரே மிசினின் சுவிட்சைப் போட்டுப் பார்த்தாள். மிசின் அசையவில்லை. பெட்டிக்குள்ளிருந்து தங்கச்சியின் குரல் வந்தது.

"குறை நினைக்காதேங்கோ அக்கா. பவளராணி அக்காவின்ரை கிணறு போன வருசம் மூடியாச்சு."

கிணறு இரண்டு அடி தூரத்தில் வாயைத் திறந்துகொண்டு கிடந்தது. உள்ளே தண்ணீரில் மேகம் தெரிந்தது. இது பொதுக் கிணறு, பதினான்காம் பிரிவின்படி ஐந்து குடும்பம் பாவிக்கிறது என்றாள் நிரோசினி. பாவித்தார்கள், இப்போது பாவிக்க உரித்து இல்லை என்றது தங்கச்சி. ஐந்து குடும்பமும் நீர் இறைக்கும் உரிமையைத் தாமாகக் கைவிட்டுக் கையெழுத்து வைத்திருக்கிறார்கள். ஆறில் ஐந்து போனால் ஒன்று. ஒரு பங்குக்காரரின் கிணறு பொதுக் கிணறு ஆகாது.

"அவை கைவிட்டது இந்தக் கிணத்தை இல்லை. இல்லாத ஐஞ்சு கிணத்தை."

"ஐஞ்சு பேரின்ரை உறுதியும் பூட்டனாரின்ரை ஒரே மூல உறுதியிலையிருந்து பிரிஞ்சதுதான் அக்கா. அந்த உறுதியிலை ஒரு கிணறுதான் இருக்கு."

நிரோசினி கிணற்றுக் கட்டில் இருந்துவிட்டாள்.

"அப்ப உனக்கு முதலே தெரியும்."

"தெரியும்."

"பேந்து ஏன் ஐஞ்செண்டு எழுதினனீ?"

"ஒரு கிணத்துக்கு ஐஞ்சு பேரிட்டைக் கையெழுத்துக் கேட்டால் ஆரும் வைச்சிருக்க மாட்டினம்," என்றது தங்கச்சி. குரலில் கேலி இல்லை, வருத்தம்கூட இருந்தது போலத் தோன்றியது, அதுதான் இன்னும் பயமாக இருந்தது. "முதல் ரெண்டு ஊரிலை நேராத்தான் கேட்டனான். அடிக்க வந்தவை. கட்டாயப்படுத்தவும் எனக்கு அனுமதி இல்லை. இல்லாத கிணறெண்டு அவையளே நினைச்சால் சந்தோசமா வைப்பினம். இதுக்குள்ளை நான் ஒரு பொய்யும் சொல்லேல்லை அக்கா. பதினெட்டு வருசத்திலை இந்தத் தண்ணி திரும்ப இனிக்கும்."

"அதைக் குடிக்க ஆர் இருப்பினம்?" என்று கேட்டாள் பவளராணி.

நிரோசினி கிருபானந்தனுக்குப் போன் எடுத்துக் கத்தினாள். ஒரு மேலதிகாரியிடம் கத்துவது இதுதான் முதல் தடவை. உங்கடை தந்திரத்தாலை ஊர் அழியப் போகுது என்றாள்.

"அது என்ரை தந்திரமில்லைப் பிள்ளை," என்றார் அவர். "பதிவு தொடங்கேக்கை நான் பங்குக்கு என்ன செய்யிறதெண்டு தங்கச்சியிட்டைத்தான் கேட்டனான். பங்கையும் ஒரு கிணறெண்டு பதியலாம் சேர், விதி இடம் குடுக்குது எண்டு சொல்லிச்சு. நான் அதை ஏமாத்திறதா நினைச்சு எவ்வளவு சந்தோசப்பட்டனான் தெரியுமே."

அவள் இணைப்பைத் துண்டித்தாள். மூன்று வாரமாக யார் யாரையெல்லாம் சந்தேகப்பட்டாள். சிரித்த சனத்தை, கிருபானந்தனை, மூடித் தட்டுகளை வார்த்த கொந்தராத்துக்காரனை. பணிவாகப் பேசிக்கொண்டு கைக்குள் இருந்ததை மட்டும் அவள் சந்தேகப்படவில்லை. அதனிடமே போய் முறைப்பாடு சொல்லியிருக்கிறாள்.

பவளராணிதான் நிதானமாக இருந்தாள். தோட்டம் செய்கிறவளுக்கு எப்போதும் அடுத்த இறைப்பைப் பற்றித்தான் யோசனை. அவள் பெட்டியின் பக்கம் திரும்பி, யோகண்ணையின் பங்கு மூடப்படவில்லைத்தானே, அவர் சம்மதித்தால் அவருடைய பங்கில் நாங்கள் இறைக்கலாமா என்று கேட்டாள்.

"பங்கு இருக்கிறவர் விரும்பினால் ஆருக்கும் தண்ணி குடுக்கலாம் அக்கா," என்றது தங்கச்சி.

நிரோசினிக்கு உயிர் திரும்பி வந்தது. ஒரு ஆள் போதும். ஒரு சொல்லுப் போதும். நோர்வேயில் அப்போது பகல் பதினொரு மணி இருக்கும். பவளராணி போனைச் சத்தமாக வைத்து இலக்கத்தை அழுத்தினாள். இரண்டாவது மணியிலேயே யோகச்சந்திரன் எடுத்துவிட்டார்.

"பவளம், நானே உனக்கு எடுக்கவெண்டு இருந்தனான்," என்றார். முப்பத்தொரு வருடக் குளிரிலும் பேச்சு மாறியிருக்கவில்லை. "நேற்று ஒரு பிள்ளை கதைச்சது. என்ன வடிவான தமிழ், எங்கடை ஊர்ப் பிள்ளை மாதிரி. அப்பாவின்ரை பேர், கிணறு வெட்டின வருசம், கருங்கல்லு எங்கையிருந்து வந்ததெண்டு எல்லாம் கேட்டுது. முப்பது வருசமா ஒருத்தரும் என்னட்டை இதொண்டும் கேக்கேல்லை. ஒரு மணித்தியாலம் கதைச்சனான். நான் அழுதே போனன்."

பவளராணி போனைக் கிணற்றுக் கட்டில் வைத்தாள்.

"தண்ணி உவராகுதாம், ஊர் பிழைக்க வேணுமெண்டால் என்ரை பங்கை விட்டுக்குடுக்கலாம், பாவியாத பங்குதானே எண்டு சொல்லிச்சு. மற்ற ஐஞ்சு பேரும் முதலே சம்மதமாம். உங்களுக்குள்ள மனசு எனக்கு இல்லாமல் போகுமே? இண்டைக்குக் காலமை கையெழுத்து வைச்சிட்டன். ஊருக்கெண்டு நானும் ஒண்டு செய்தனான் எண்டு இருக்கட்டும்."

மிசினில் பச்சை விளக்கு எப்போது அணைந்தது என்று இருவரும் கவனித்திருக்கவில்லை. அந்த இலக்கத்தைக் கொடுக்கச் சொல்லித் தலையாட்டியது நிரோசினிதான், அவளால் பவளராணியின் முகத்தைப் பார்க்க முடியவில்லை.

"ஏன் பேசாமல் நிக்கிறாய்?" என்றார் யோகச்சந்திரன். பிறகு சிரித்தார். "ஓ, இண்டைக்கு வியாழனெல்லே. உன்ரை முறை. தண்ணி மாறுற நேரத்திலை நான் அலட்டிக்கொண்டு நிக்கிறன், என்ன?"

பவளராணி கிணற்றுக்குள் எட்டிப் பார்த்தாள். இறைப்பில்லாமல் ஊறி, கட்டுக்குச் சமீபமாக நிறைந்து நின்றது தண்ணீர்.

"ஓம் அண்ணை," என்றாள். "என்ரை முறைதான்."